வாசகர் கேள்வி–பதில்: பனித்தளத்தில் ஓர் உத்தியோகம்

சில மாதங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறியிருக்கிறது. கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகளின் படிப்பையும் குடியுரிமையையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது அந்தப் பிள்ளைகள் ஆடும் ஐஸ் ஹொக்கியைப் பற்றிக் கேட்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ரொறன்ரோவில் வாழ்ந்த காலத்தில் சிறுவனாக இருந்த என் மருமகனை விடியற்காலையில் பனித்தளத்துக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பார்வையாளர் வாங்கில் குளிரில் குந்தியிருந்து கற்றது பாதி, பின்னர் வாசித்து அறிந்தது பாதி.

கேள்வி: ஐயா, ஸ்காபரோவிலுள்ள என் மகளின் மகனுக்கு 14 வயது. கிழமையில் ஐந்து நாள் ஐஸ் ஹொக்கி என்று ஓடுகிறான். மகளும் மருமகனும் உழைப்பதில் பெரும்பங்கு அதற்கே போகிறது. வளர்ந்தபின் அதையே தொழிலாகச் செய்யப்போவதாகப் பேரன் என்னிடம் தொலைபேசியில் சொன்னான். விளையாட்டும் ஓர் உத்தியோகமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

அம்மா, உத்தியோகம்தான். எழுத்து மூலமான ஒப்பந்தம், தொழிற்சங்கம், ஓய்வூதியத் திட்டம் எல்லாம் உள்ள உத்தியோகம். உங்கள் பேரன் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் தேசிய ஹொக்கி லீக்காக இருக்கும். 1917இல் மொன்றியலில் தொடங்கப்பட்ட அந்த லீக்கில் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 32 அணிகள் உள்ளன. 2025–26 பருவத்தில் அங்கே ஆடும் ஒருவரின் மிகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டொலர். இந்தத் தொகையைக் கேட்டவுடன் மகளின் செலவு நியாயமானதுதான் என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும்.

ஓர் அணி ஒரு நேரத்தில் 23 வீரர்களையே தன் பட்டியலில் வைத்திருக்கலாம். 32ஐ 23ஆல் பெருக்கினால் 736. கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் நாடு என்று உலகமெல்லாம் இந்த ஆட்டத்தை ஆடும் இளைஞர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து உள்ள இடங்கள் அவ்வளவுதான். அவற்றிலும் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பேரன் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் 1975இல் பிறந்த ஆண்பிள்ளைகளைப் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஒரு கணக்கு பயிற்றுநர்களிடையே நன்கு அறியப்பட்டது. சிறுவர் ஹொக்கியில் ஆடிய ஏறத்தாழ 30,000 பேரில் தேசிய லீக்கின் அணிகளால் தெரிவுசெய்யப்பட்டவர்கள் 48 பேர். அங்கே ஒரே ஓர் ஆட்டமாவது ஆடியவர்கள் 32 பேர். ஒரு முழுப் பருவத்துக்கு மேல் நின்று பிடித்தவர்கள் 15 பேர். அந்தக் காலத்தில் அந்த மாகாணத்துப் பிள்ளைகளுடன் போட்டியிட இன்றிருக்கும் அளவுக்கு ஐரோப்பியரும் அமெரிக்கரும் இல்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஆகவே விட்டுவிடச் சொல்லுங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். அப்படி எழுத மாட்டேன். நம்மூரில் பிள்ளையின் விளையாட்டைப் பற்றிக் கேட்கும்போது, "இவன் உச்சத்துக்குப் போவானா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம். போகமாட்டான் என்று தெரிந்ததும் மட்டையைப் பறித்து மூலையில் வைக்கிறோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறொன்றைக் கேட்பேன்: இந்த ஆண்டோடு இந்த ஆட்டம் நின்றுபோனால், இந்த ஆண்டு அவன் கையில் எதை விட்டுச் செல்லும்? உடல்நலம், நண்பர்கள், பள்ளிக்கூடப் புள்ளிகள் குலையாமல் நேரத்தை ஆளும் பழக்கம் ஆகியவை மிஞ்சுமானால் செலவு வீண்போகவில்லை. புள்ளிகள் சரிந்து, வீட்டின்மேல் இரண்டாவது அடமானமும் ஏறியிருக்குமானால், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அது பிழையான கணக்கு. உயர்மட்டச் சிறுவர் அணிகளில் கட்டணம், சறுக்கணி, காப்புடை, வெளியூர்ப் போட்டிகளுக்கான விடுதிச் செலவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் கனேடிய டொலரை எளிதில் தாண்டிவிடும். அதே ஆட்டத்தை அயலிலுள்ள சாதாரண லீக்கில் அதன் சிறு பங்குக்கே ஆடலாம்.

இன்னுமொன்றைச் சொல்லவேண்டும், தாயாகிய உங்கள் மகளும் வாசிக்கட்டும். 2014இல், தேசிய லீக்கில் கோடிக்கணக்கில் உழைத்துக்கொண்டிருந்த ஒரு பின்காப்பு வீரர் வங்குரோத்து அறிவித்தார். தன் பணத்தைக் கையாளப் பெற்றோருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர்கள் அவருடைய எதிர்கால வருமானத்தை ஈடுவைத்துக் கடனுக்குமேல் கடன் எடுத்திருந்தார்கள். பிள்ளையின் எதிர்காலம் பெற்றோருக்கு வரவேண்டிய பாக்கியாக மாறும் இடம் எது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமலே போய்விட்டது. உங்கள் மகள் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "உனக்காக இவ்வளவு செலவழித்தோம்" என்ற வசனம் ஒரு முறை அந்த வீட்டில் சொல்லப்பட்டால், 14 வயதுப் பிள்ளை அதன்பிறகு ஆடுவது ஆட்டமாக இருக்காது.

கேள்வி: ஐஸ் ஹொக்கியில் வீரர்களைத் தெரிவுசெய்யும் 'டிராஃப்ட்' என்பது ஐ.பி.எல். ஏலம் போன்றதா? வீரருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறது?
— உயர்தர மாணவன், நல்லூர்

தம்பி, இரண்டும் ஒன்றல்ல. ஏலத்தில் விலை கூவப்படுகிறது. டிராஃப்டில் விலையே இல்லை. அங்கே பங்கிடப்படுவது, ஓர் இளைஞனோடு ஒப்பந்தம் பேசும் தனி உரிமை. தேசிய லீக்கின் தெரிவில் ஏழு சுற்றுகள் உண்டு. 32 அணிகளும் சுற்றுக்கு ஒருவராக 224 பேரைத் தெரிந்தெடுக்கின்றன. அந்த ஆண்டு செப்டெம்பர் 15ஆம் தேதிக்குள் 18 வயதாகியிருக்கவேண்டும். முந்திய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிகளுக்கே முதற்தெரிவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுப்பதற்காக அதற்கும் ஒரு சீட்டுக்குலுக்கல் வைத்திருக்கிறார்கள். பின்தங்கியவருக்கு முன்னிடம் என்ற இந்த ஏற்பாட்டைப் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலின் கசப்பை இன்னும் மறக்காத ஊரில் விளக்குவது சங்கடமானதுதான், ஆனாலும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் அறிந்த உமக்கு அதன் தர்க்கம் உடனே பிடிபடும்.

உண்மையில் தெரிவு 18 வயதில் தொடங்குவதில்லை. ஒன்ராறியோவில் 15 வயதுப் பையன்களை அந்த மாகாணத்தின் இளையோர் லீக் அணிகள் தெரிந்தெடுக்கின்றன. தெரிவானவன் 16 வயதில் வீட்டைவிட்டு, பல நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஒரு சிறு நகரத்துக்குப் போய், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டே ஆடுகிறான். தீவுப்பகுதிப் பிள்ளைகள் பட்டணத்து விடுதிகளில் தங்கிப் படித்ததை நாம் அறிவோம், அதனால் இது நமக்கு அந்நியமானதல்ல. வேறுபாடு என்னவென்றால், விடுதிப் பிள்ளையை இடைத்தவணையில் வேறொரு பள்ளிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக இன்னொரு பிள்ளையை அதிபர் வாங்கிக்கொள்வதில்லை. அங்கே அது நடக்கும். 17 வயதுப் பையன் மதியம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது தன்னை வேறு ஊருக்கு மாற்றியாயிற்று என்ற செய்தியை அறியலாம்.

அந்த இளையோர் லீக்குகளில் நான் மதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒருவன் எத்தனை பருவங்கள் ஆடுகிறானோ, அத்தனை ஆண்டுகளுக்கான உயர்கல்விக் கட்டணத்தை அவை ஏற்றுக்கொள்கின்றன. நான் மேலே ஆசிரியை அம்மாவுக்குச் சொன்ன கணக்குக்கு இது நேர்விடை. முன்பு அந்த லீக்கில் கால்வைத்தவன் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடமுடியாது என்றிருந்தது. 2025 ஓகஸ்ட் முதல் அந்தத் தடையும் நீங்கிவிட்டது. இன்று 16 வயதுப் பையன் இளையோர் லீக்கா, பல்கலைக்கழகமா என்று ஒன்றை இழந்து ஒன்றைத் தேடவேண்டியதில்லை.

சரி, 18 வயதில் தெரிவாகிவிட்டான் என்று வைப்போம். 18 முதல் 21 வயதுக்குள் முதல் ஒப்பந்தம் எழுதுபவனுக்கு அது மூன்றாண்டு ஒப்பந்தம். சம்பளத்துக்கு மேல்வரம்பு உண்டு, பேரம்பேச இடம் குறைவு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரண்டு சம்பளங்கள் எழுதப்பட்டிருக்கும்: மேல் லீக்கில் ஆடினால் ஒன்று, அதற்குக் கீழுள்ள அமெரிக்க ஹொக்கி லீக்குக்கு அனுப்பப்பட்டால் அதில் ஒரு சிறு பங்கு. காலையில் ஒரு சம்பளக்காரன், மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு, இரவு வேறு நகரத்தில் வேறு சம்பளக்காரன். எந்த அணியோடும் தானே பேசி ஒப்பந்தம் செய்யும் முழு உரிமை பொதுவாக 27 வயதிலோ அல்லது ஏழு பருவங்கள் நிறைந்த பின்னரோதான் கிடைக்கிறது. பலருடைய தொழில் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

சாதாரண வீரனுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். இந்த ஆட்டத்தின் ஈடிணையற்ற வீரர் எனப்படும் வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டன் அணிக்கு நான்கு முறை லீக்கின் வெற்றிக்கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்று கொடுத்தவர். கடைசிக் கிண்ணத்தை வென்று மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1988 ஓகஸ்ட் 9ஆம் தேதி அவரை லொஸ் ஏஞ்சலிஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். கனடாவே துக்கம் கொண்டாடியது. நீர் கேட்ட 'உரிமை' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் என்னிடம் இல்லை.

கேள்வி: இணையத்தில் ஓர் ஆட்டம் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம்கூட ஆடாமல் ஓடிவந்து வாங்கில் இருந்துவிடுகிறார்கள். நம்முடைய உதைபந்தாட்டப் பையன்கள் 90 நிமிடம் ஓடுகிறார்கள். எதற்காக இவர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம்?
— வங்கி ஊழியர், சுன்னாகம்

நீங்கள் பார்த்தது சரி. ஒருவர் ஒரு முறையில் களத்தில் நிற்பது ஏறத்தாழ 45 செக்கன்தான். அந்த 45 செக்கனும் முழுவீச்சில் ஓடும் ஓட்டம். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், சுவர்கள் சூழ்ந்த களத்தில், தன்மேல் மோத வருபவனைக் கண்டுகொண்டே, உறையவைக்கப்பட்ட ஓர் இறப்பர் வட்டைக் கோலின் நுனியில் கொண்டுபோகவேண்டும். அப்படி நூறு மீற்றர் ஓடுபவனை மூன்று நிமிடம் ஓடச் சொன்னால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கேயும் ஆகும். நல்ல பின்காப்பு வீரர் ஓர் ஆட்டத்தில் இப்படி முப்பது முறைக்குக் கிட்ட இறங்கி ஏறுவார். பருவத்துக்கு 80க்கு மேற்பட்ட ஆட்டங்கள், அதன்பின் கிண்ணத்துக்கான நான்கு சுற்றுகள். கிண்ணம் வேண்டுமானால் இன்னும் 16 வெற்றிகள் வேண்டும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, அது உழைப்பின் கடினத்தை அளந்து கொடுப்பதல்ல. அப்படியானால் நமது கடற்றொழிலாளர்தான் கோடீசுவரர். லீக்கின் வருமானத்தில் பாதி வீரர்களுக்கு என்று தொழிற்சங்கம் பேசி வாங்கியிருக்கிறது. ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 2025–26இல் அது 9 கோடியே 55 இலட்சம் டொலர். அப்படியொரு வரம்பை ஏற்க வீரர்கள் மறுத்தபோது, 2004–05 பருவம் முழுவதும் ஓர் ஆட்டமும் நடக்காமல் மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. வங்கியில் இருக்கும் உங்களுக்குச் சுவையான செய்தி ஒன்று: இவர்களின் சம்பளம் பருவம் நடக்கும் ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரைதான் மாதமிருமுறை வரும். எஞ்சிய மாதங்களுக்குச் சேமித்து வைக்கத் தெரியாத 20 வயது இலட்சாதிபதிகள் அங்கே உண்டு.

கேள்வி: மத்தியஸ்தர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இருவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்துகிறார்கள். இது விளையாட்டா? தலையில் அடிபட்டால் பின்விளைவு என்ன? என் அக்காவின் மகன் ஆடுகிறான், பயமாக இருக்கிறது.
— தாதிய உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்

சண்டைக்கு விதியில் தண்டனை உண்டு. தேசிய லீக்கில் இருவரும் ஐந்து நிமிடம் வெளியே இருக்கவேண்டும். ஆனால் பெரும்பாலான பிற விளையாட்டுகளில் போல ஆட்டத்திலிருந்தே நீக்கப்படுவதில்லை. இதனால்தான் சண்டை ஒரு காலத்தில் ஒரு தனி உத்தியோகமாகவே இருந்தது. அணியின் நட்சத்திர வீரரைத் தொட்டவனை அடிப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரான டெரெக் பூகார்ட் 2011இல் 28ஆவது வயதில், வலிநிவாரணிகளும் மதுவும் கலந்த நிலையில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவுநோய் அந்த வயதிலேயே முற்றியிருந்தது தெரியவந்தது. இன்று அந்த வகை ஆட்கள் அருகிவிட்டார்கள். ஆட்டத்தின் வேகம் கூடியதால், அடிக்க மட்டும் தெரிந்தவனுக்கு ஓர் இடத்தை வீணாக்க எந்த அணியும் விரும்புவதில்லை. சண்டையைக் குறைத்தது அறம் அல்ல, கணக்கு. எதுவானாலும் குறைந்தது நல்லதே.

என்னைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு காப்புக் கருவியும் இரத்தம் சிந்திய பின்னர்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை எதிர்த்தவர்களில் ஆடுபவர்களும் இருந்திருக்கிறார்கள். மொன்றியல் அணியின் கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட் 1959 நவம்பர் 1ஆம் தேதி முகம் கிழிந்து தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் திரும்பிக் களத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றார். பயிற்றுநருக்கு அது பிடிக்கவில்லை. மாற்றுக் கோல்காப்பாளர் இல்லாததால் விட்டுக்கொடுத்தார். தலைக்கவசம் 1979இல்தான் கட்டாயமானது, அதுவும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். அது இல்லாமல் ஆடிய கடைசி வீரர் 1997இல் ஓய்வு பெற்றார். கண்ணைக் காக்கும் ஒளிபுகும் தகடு புதியவர்களுக்குக் கட்டாயமானது 2013இல். 2023 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரரின் சறுக்கணி கழுத்தை வெட்டியதால் அடம் ஜோன்சன் என்ற வீரர் உயிரிழந்த பின்னரே, கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கும் பேச்சு பல நாடுகளில் சூடுபிடித்தது. மோட்டார்ச் சைக்கிளில் தலைக்கவசத்தைக் கையில் கொழுவிக்கொண்டு போகும் நம் இளைஞர்களைத் தினமும் விபத்துப் பிரிவில் பார்க்கும் உங்களுக்கு இந்த மனப்போக்கை நான் விளக்கவேண்டியதில்லை.

உங்கள் அக்காவிடம் இரண்டு விடயங்களைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, மகனின் பிரிவில் உடலால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி உண்டா என்பது. 11, 12 வயதுப் பிரிவில் கனடாவின் ஹொக்கி அமைப்பு 2013இல் அதைத் தடைசெய்துவிட்டது. அதற்கு மேற்பட்ட வயதிலும் மோதல் இல்லாத பிரிவுகள் உள்ளன. இரண்டாவது, தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு என்பதைப் பயிற்றுநர் தீர்மானிக்கிறாரா, வைத்தியர் தீர்மானிக்கிறாரா என்பது. முதலாமவர் தீர்மானிக்கும் அணியிலிருந்து பிள்ளையை எடுத்துவிடலாம். 2011 ஜனவரியில் தலையில் அடிபட்ட சிட்னி கிரோஸ்பி, அன்றைய நாளில் உலகின் முதல்தர வீரர், அந்த ஆண்டு நவம்பர்வரை ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அவராலேயே பத்து மாதம் பொறுத்திருக்க முடிந்தது.

கேள்வி: பெண்பிள்ளைகள் இதைத் தொழிலாகச் செய்யலாமா?
— பத்தாம் தர மாணவி, தெல்லிப்பழை

கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரனை வளர்த்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது மகிழ்ச்சி. செய்யலாம், பிள்ளை. பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று 2024 ஜனவரி 1ஆம் தேதி ஆறு அணிகளுடன் தொடங்கியது. 2025–26 பருவத்தில் வன்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டாயின. முதற்பருவத்தில் மிகக் குறைந்த சம்பளம் 35,000 அமெரிக்க டொலர். மேலே ஆண்களுக்கு நான் எழுதிய தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாரும். அதே 2024 ஏப்ரலில் மொன்றியலில் நடந்த ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 21,105 பேர் வந்தார்கள். ஆகவே பார்க்க ஆளில்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது.

ஹெய்லி விக்கன்ஹைசர் என்ற பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளும். 2002 முதல் 2014 வரை நான்கு ஒலிம்பிக் தங்கப்பதக்கங்கள் வென்றவர். 2003இல் பின்லாந்தில் ஆண்கள் அணியில் தொழில்முறையாக ஆடிக் கோல் போட்டவர். 2017இல் ஓய்வு பெற்று, கல்கரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 2021இல் வைத்தியரானார். இதை உம்முடைய அம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம். ஆடிய காலத்தில் பெண்களுக்குக் கோடிகள் கிடைக்காததால் படிப்பைக் கைவிட வழியில்லை என்பதும் இதற்குள் இருக்கிறது. அது பெருமைப்பட மட்டும் வேண்டிய விடயமல்ல.

கேள்வி: வெள்ளையர் ஆட்டம் என்கிறார்களே, நம் நிறத்தவர் எவராவது மேலே போயிருக்கிறார்களா?
— வாசகர், காரைநகர்

போயிருக்கிறார்கள். தேசிய லீக்கின் முதற் கறுப்பின வீரர் வில்லி ஓரீ 1958 ஜனவரி 18ஆம் தேதி பொஸ்ரன் அணிக்காக இறங்கினார். வலது கண்ணில் பார்வை இல்லாததை அணியிடம் மறைத்து ஆடியவர் அவர். பஞ்சாபிக் குடும்பத்தைச் சேர்ந்த ரொபின் பாவா 1989இல் வந்தார், இந்திய வம்சாவளியில் அவரே முதல்வர். அவருக்குப் பின் வந்த மன்னி மல்கோத்ரா 991 ஆட்டங்கள் ஆடினார். ஒரு பிரிவினர் பெருமளவில் இந்த ஆட்டத்துக்குள் வருவதற்கு இரண்டு தலைமுறை எடுக்கிறது என்பது என் கணிப்பு. முதல் தலைமுறை இரவுவேலை செய்துவிட்டு, காலை ஐந்து மணிக்குப் பிள்ளையைப் பனித்தளத்தில் இறக்கிவிடுகிறது. ஸ்காபரோ, மார்க்கம் பனித்தளங்களின் வாகனத் தரிப்பிடத்தில் அந்தத் தலைமுறையை நானே கண்டிருக்கிறேன்.

கேள்வி: 35 வயதில் ஓய்வு பெற்றபின் இவர்கள் என்ன செய்கிறார்கள்?
— கமத்தொழில் செய்பவர், உரும்பிராய்

முதலில், 35 வரை ஆடுபவர் அதிர்ஷ்டசாலி. கோர்டி ஹோ 52 வயதுவரை ஆடினார் என்பதைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அது ஊரில் ஒருவர் நூறு வயது வாழ்ந்ததை வைத்து எல்லோருக்கும் ஆயுள் எழுதுவது போன்றது. மேல் லீக்கில் இடமில்லாதவர்கள் சுவீடன், சுவிட்சர்லாந்து, ஜேர்மனி என்று போய் இன்னும் சில ஆண்டுகள் ஆடலாம். பலர் பயிற்றுநராகவும் திறமை தேடுபவராகவும் மத்தியஸ்தராகவும் வர்ணனையாளராகவும் அதே பனித்தளத்தைச் சுற்றியே வாழ்கிறார்கள்.

கனடா போய்வந்த எல்லோருக்கும் தெரிந்த டிம் ஹோர்டன்ஸ் கோப்பிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு ஹொக்கி வீரரின் பெயர் என்பது அங்கே கோப்பி குடிக்கும் நம்மவர் பலருக்குத் தெரியாது. ரொறன்ரோ அணியோடு நான்கு கிண்ணங்கள் வென்ற பின்காப்பு வீரர் அவர். அந்தக் காலத்துச் சம்பளம் வயோதிபத்துக்குப் போதாது என்பதை அறிந்து, ஆடிக்கொண்டிருந்த 1964இலேயே ஹமில்டன் நகரில் முதற்கடையைத் திறந்தார். அதன் பலனை அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1974 பெப்ரவரியில், 44 வயதில், இன்னும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறாத நிலையில், ஓர் ஆட்டம் முடிந்து காரில் திரும்பும் வழியில் விபத்தில் இறந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கென் டிரைடன். மொன்றியலின் கோல்காப்பாளர், ஆடிய எட்டுப் பருவங்களில் ஆறு கிண்ணங்கள். ஆடிக்கொண்டே மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1973இல் அணியோடு சம்பளத் தகராறு வந்தபோது, கிண்ணம் வென்ற கோல்காப்பாளர் ஒரு முழுப் பருவத்தையும் விட்டுவிட்டு, ரொறன்ரோவில் ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தில் அற்ப சம்பளத்துக்குப் பயிலுநராகப் போய் இருந்தார். அடுத்த ஆண்டு அணி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1979இல், 31 வயதில், உச்சத்தில் நின்றபோதே விலகினார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்து, 2025 செப்டெம்பரில் காலமானார். பேரம் பேசும் மேசையில் அவருக்கு இருந்த பலம் கையிலிருந்த மட்டையால் மட்டும் வந்ததல்ல, எழுந்து போக இன்னொரு கதிரை இருந்ததால் வந்தது. மிளகாய்க்கு விலை விழுந்தால் மரவள்ளி இருக்கிறது என்று இரண்டு பயிரும் வைக்கும் உங்களுக்கு இது விளங்கும்.

கேள்வி: ரொறன்ரோ அணியின் ஆட்டத்தைப் பேரனோடு காணொளி அழைப்பில் சேர்ந்து பார்க்க ஆசை. இங்கே எத்தனை மணிக்கு எழும்பவேண்டும்?
— 78 வயதுத் தாத்தா, பருத்தித்துறை

ஐயா, அந்த அணியின் சனிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும். குளிர்காலத்தில் அது நமக்கு ஞாயிறு காலை 5.30. மார்ச் நடுப்பகுதியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியபின் 4.30. ஓர் ஆட்டம் முடிய இரண்டரை மணித்தியாலம் எடுக்கும், இடையில் இரண்டு முறை நீண்ட இடைவேளை விடுவார்கள். முதல் இடைவேளையில் தேநீர் வைத்துவிட்டு வரலாம். வட்டைக் கண்ணால் தேடவேண்டாம், முதல் சில ஆட்டங்களில் அது தெரியாது. வீரர்களின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். அந்த அணி கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967இல் என்பதை மட்டும் பேரனுக்கு நினைவூட்டாதீர்கள். உங்களுக்கு அப்போது என்ன வயது என்று அவன் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.